குழலாய் எழுந்த கோபுரம்

உயர்ந்த கட்டடம் ஒன்றைக் கண்டால் நாம் முதலில் அதன் மாடிகளை எண்ணுகிறோம். பிறகு அதைக் கட்டியவர் யார் என்று வினவுகிறோம். கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயராகவோ, பொருள் கொடுத்த செல்வரின் பெயராகவோ இருக்கும். சற்றே முயன்றால் அதன் தோற்றத்தை வரைந்த கட்டடக் கலைஞரின் பெயரும் கிட்டும். ஆனால் பெருங்காற்றிலும் அது சாயாமல் நிற்பதற்கு வழி கண்ட பொறியாளரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

அத்தகைய பொறியாளர்களுள் தலைசிறந்தவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். அவர் கணக்கிட்டு எழுப்பிய சிகாகோ நகரின் சியர்ஸ் கோபுரம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. அவர் பிறந்ததோ வங்காளத்தில். அமெரிக்கா செல்லும்வரை உயர்ந்த கட்டடம் ஒன்றினுள் அவர் நுழைந்ததே இல்லை என்பர்.

1929ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பிறந்த கான், டாக்கா நகரில் வளர்ந்தார். தந்தையார் அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர். பள்ளிப் பாடநூல்கள் பலவற்றை இயற்றியவர். மகன் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன் என்று சொன்னால் அவர் அத்துடன் விட்டுவிட மாட்டார். அதே கணக்கை வேறு வகையில் மாற்றிக் கொடுத்து, மீண்டும் சிந்திக்கச் செய்வார். விடையைக் காட்டிலும் விடைக்குச் செல்லும் வழிதான் முக்கியம் என்பது அந்த வீட்டின் வழக்கமாக இருந்தது. இளமையில் கானுக்கு இயற்பியலிலும் பெருவிருப்பம் உண்டு. தந்தையின் அறிவுரைப்படியே அவர் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

அதற்காக அவர் சென்ற இடம் நம் நாட்டில் உள்ளது. கல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றங்கரையில் சிப்பூர் என்னும் ஊரில் 1856இல் தோன்றிய பழம்பெரும் பொறியியல் கல்லூரி அது. அவர் அந்தப் பகுதியில் பயின்றுகொண்டிருந்த ஆண்டுகளில்தான் நாடு இரண்டாயிற்று. 1947 ஆகஸ்டுக்குப் பிறகு கல்லூரி இந்தியாவிலும் வீடு பாகிஸ்தானிலும் இருந்தன. முன்பு விடுமுறைக்கு ஊருக்குச் சென்று வந்த மாணவர், இப்போது எல்லையைக் கடந்து செல்ல வேண்டியவரானார். 1950இல் வங்காளத்தின் இரு பகுதிகளிலும் கலவரம் மூண்டது. படிப்பு முடியும் தறுவாயில் அவர் சிப்பூரை விட்டு டாக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கிருந்த அசனுல்லா பொறியியல் கல்லூரியில் எஞ்சிய படிப்பை நிறைவு செய்து பட்டம் பெற்றார். இவ்வளவு இடையூறுகளுக்கு நடுவிலும் அவர் முதல் மாணவராகவே தேறினார்.

1952இல் அமெரிக்காவில் உயர்கல்வி பெற அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறர் ஒரு பட்டத்துக்கே தடுமாறும் காலத்தில், மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் ஒரு முனைவர் பட்டத்தையும் அவர் பெற்றார். 1955இல் சிகாகோவில் இயங்கிய ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் என்னும் கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை கோபுரங்கள் அல்ல, பாலங்களே.

இரண்டு ஆண்டுகளில் அவர் தாயகம் திரும்பினார். கற்றதை நாட்டுக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இருந்தது. கராச்சி நகரின் வளர்ச்சித் துறையில் பதவியும் கிடைத்தது. ஆனால் அங்கே கோப்புகளைப் பார்க்கும் வேலையே மிகுதி. வடிவமைக்கும் வேலை குறைவு. பதவி உயர்ந்ததுதான். எனினும் கணக்கிடவும் வரையவும் பழகிய கைகளுக்கு அது போதவில்லை. 1960இல் அவர் சிகாகோவின் பழைய நிறுவனத்துக்கே மீண்டும் சென்றார். ஊரை விட்டு வெளியேறுவோர் எல்லோரும் ஊரை வெறுத்துச் செல்வதில்லை. அதை அவருடைய பிற்கால வாழ்க்கை நன்கு காட்டும்.

சிகாகோவைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த அந்நகரம் 1871இல் பெருந்தீயால் அழிந்தது. அழிந்த நகரைப் புதிதாகக் கட்டியபோதுதான் இரும்புச் சட்டத்தின்மேல் சுவர்களைத் தாங்கவைக்கும் முறை அங்கே வளர்ந்தது. 1885இல் அம்முறையில் எழுந்த பத்து மாடிக் காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தை உலகின் முதல் வானளாவி என்று பலர் கூறுவர். பத்து மாடிக்கு வானளாவி என்று பெயரா என நீங்கள் சிரிக்கலாம். அன்றைய கண்களுக்கு அது வானத்தைத் தொட்டதுதான்.

பின்னர் நியூயார்க் நகரம் முந்திக்கொண்டது. 1931இல் அங்கே எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளுடன் 381 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனைவிட உயரமான கட்டடம் உலகில் எழவில்லை. பொருளாதார வீழ்ச்சியும் போரும் அதற்கான காரணங்களில் சில. மற்றொரு காரணம் காற்று.

கட்டடத்தின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. அதைத் தாங்குவது ஒப்பளவில் எளிது. தூண்களை வலுவாக்கினால் போதும். காற்றோ பக்கத்திலிருந்து தள்ளுகிறது. கட்டடத்தின் உயரம் இருமடங்கானால், அதை அடியோடு சாய்க்க முனையும் காற்றின் விசைத்திருப்பம் நான்கு மடங்காகும். மேலே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் கூடுவதால் உண்மையில் அது நான்கு மடங்கையும் தாண்டும். பழைய முறையில், கட்டடம் முழுவதும் தூண்களையும் உத்திரங்களையும் கூண்டுபோல் கோத்து அந்தத் தள்ளலைத் தடுத்தனர். உயரம் கூடக்கூட எஃகு அளவுக்கு மீறித் தேவைப்பட்டது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்வது கட்டுபவருக்குக் கட்டுப்படியாகாத செலவாயிற்று. உயரத்துக்கென்று தனியே ஒரு வரி கட்டுவதுபோல இருந்தது அது. அந்த வரியைக் குறைக்க முடியுமா என்பதே கான் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட கணக்கு.

மாணவர்களே, ஒரு தாளை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். அது நிற்காது. அதே தாளைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை ஒட்டி நிறுத்துங்கள். இப்போது அது நிற்கும். அதன்மேல் உங்கள் பாடநூலையும் வைக்கலாம். தாள் மாறவில்லை, எடை கூடவில்லை. பொருள் நடுவிலிருந்து விளிம்புக்கு வந்தது, அவ்வளவே. மூங்கிலும் இப்படித்தான் நிற்கிறது. உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றில் வளைந்து கொடுக்கிறதே தவிர எளிதில் முறிவதில்லை. வங்காளத்தில் வளர்ந்த கான் மூங்கிலைப் பார்த்துத்தான் கற்றார் என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் கண்டதை நாம் விளங்கிக்கொள்ள மூங்கில் உதவுகிறது.

கட்டடத்தின் வலிமை முழுவதையும் அதன் வெளிச்சுவர்களுக்குக் கொண்டு வந்தார் கான். வெளிப்புறத்தில் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, அவற்றை வலுவான உத்திரங்களால் இறுகப் பிணைத்தார். அப்போது நான்கு பக்கங்களும் தனித்தனிச் சுவர்களாக இராமல், துளைகளிட்ட ஒரே குழல்போல் சேர்ந்து இயங்கின. அந்தத் துளைகளே சன்னல்கள். 1960களின் நடுவில் சிகாகோவில் எழுந்த 43 மாடிக் குடியிருப்பு ஒன்றே இம்முறையில் அமைந்த முதற்கட்டடம். அதைக் கடந்து செல்வோருக்கு அதில் புதுமை எதுவும் தோன்றாது. கற்காரையால் ஆன எளிய கட்டடம் அது. ஆனால் வானளாவிகளின் வரலாற்றைப் பழையது, புதியது என்று பிரிக்கும் கோடு அங்கேதான் விழுகிறது.

அடுத்தது ஜான் ஹான்காக் மையம். கடைகள், அலுவலகங்கள், வீடுகள் ஆகிய அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூறு மாடிகளில் அமைக்க வேண்டும் என்பது திட்டம். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாம் தோற்றத்தை வகுத்தார். கான் அதற்கு எலும்பைத் தேடினார். அவர் பகுதிநேரப் பேராசிரியராகவும் பணியாற்றி வந்தார். அவருடைய மாணவர்களுள் ஒருவரான மிக்கியோ சசாக்கி என்னும் ஜப்பானிய இளைஞர், வெளிச்சுவரில் குறுக்குச் சட்டங்களை இட்டுக் குழலை மேலும் வலுவாக்கும் வழியைத் தம் ஆய்வில் ஆராய்ந்திருந்தார். வகுப்பறையில் பிறந்த அந்த எண்ணம் நூறு மாடிக் கட்டடத்துக்குப் பொருந்தியது. கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பெருக்கல் குறிபோன்ற மாபெரும் எஃகுச் சட்டங்கள் அமைக்கப்பட்டன. ஒரு குறியின் உயரமே பதினெட்டு மாடிகள்!

சட்டங்கள் சில வீடுகளின் சன்னல்களுக்குக் குறுக்கே சென்றன. ஏரியின் அழகைக் காணப் பெரும்பொருள் கொடுத்து வருவோர், சன்னலில் சாய்ந்து நிற்கும் எஃகுச் சட்டத்தை விரும்புவார்களா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். கானும் கிரகாமும் அவற்றை மறைக்கவில்லை. நிற்பதற்குக் காரணமாக உள்ளது கண்ணுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டனர். இன்று அக்கட்டடத்தை உலகம் அடையாளம் காண்பது அந்தக் குறிகளால்தான்.

கானைக் கவலைகொள்ளச் செய்த வேறொன்று உண்டு. உயர்ந்த கட்டடம் காற்றில் சிறிது அசையவே செய்யும். விழாது என்பது கணக்கு. ஆனால் உள்ளே இருக்கும் மனிதருக்குத் தலைசுற்றுமா என்பதைக் கணக்கு சொல்லாது. நூறாவது மாடியில் படுத்திருக்கும் ஒருவர் எவ்வளவு அசைவை உணர்வார்? எவ்வளவு அசைந்தால் அஞ்சுவார்? அதற்கு விடை தேடி அவர் சென்ற இடம் வியப்பூட்டுவது. சிகாகோவின் அறிவியல் அருங்காட்சியகத்தில் சலவை இயந்திரத்தைப் பற்றிய காட்சிக்கென ஒரு சுழல்மேடை அமைத்திருந்தார்கள். அந்த மேடையை மெல்ல அசையச் செய்து, அதன்மேல் சிலரை நிற்கவும், உட்காரவும், படுக்கவும் வைத்து, எந்த நிலையில் எவ்வளவு அசைவு தெரிகிறது என்று அவர் சோதித்துப் பார்த்தார். கோடிக்கணக்கான டாலர் செலவில் எழும் கோபுரத்துக்கு ஒரு சலவை இயந்திர மேடை வழிகாட்டியது.

கட்டுமானம் தடையின்றி நடந்துவிடவில்லை. கட்டடம் எழும்பத் தொடங்கிய நிலையில், பூமிக்குள் ஆழமாக இறக்கப்பட்ட அடித்தளத் தூண் ஒன்றில் கற்காரை சரிவர நிரம்பாத குறை தெரிய வந்தது. வேலை நிறுத்தப்பட்டது. மற்ற அடித்தளத் தூண்களும் ஆராயப்பட்டன; குறைகள் திருத்தப்பட்டன. அந்தத் தாமதத்தால் கட்டடத்தைத் தொடங்கிய செல்வர் பெரும்பொருள் இழந்தார். ஆயினும் மறைந்திருந்த குறையை மறைத்தே விடாமல் தோண்டிப் பார்த்ததுதான் அந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே முக்கியமான செயல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 344 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் 1960களின் முடிவில் நிறைவுற்றது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய 19 கிலோ எஃகு தேவைப்பட்டது. ஹான்காக் மையத்துக்கு 13.5 கிலோவே போதுமானதாயிற்று. உயரத்தின் வரி குறைந்துவிட்டது.

பிறகு வந்தது சியர்ஸ் கோபுரம். சியர்ஸ் அக்காலத்தில் அமெரிக்காவின் மிகப்பெரிய சில்லறை வணிக நிறுவனம். ஆயிரக்கணக்கான ஊழியர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர அது விரும்பியது. இம்முறை ஒரு குழல் போதவில்லை. நம் வீடுகளில் தென்னை ஈர்க்குச்சி விளக்குமாறு இருக்கும் அல்லவா? தனி ஈர்க்குச்சியை விரலால் வளைத்துவிடலாம். கட்டாகச் சேர்த்துக் கட்டியதை வளைக்க முடியாது. கானும் அவ்வாறே செய்தார். பக்கத்துக்கு 75 அடி அளவுள்ள ஒன்பது சதுரக் குழல்களை, வரிசைக்கு மூன்றாக ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினார். ஐம்பதாவது மாடியில் இரண்டு குழல்கள் நின்றுவிடும். அறுபத்தாறாவது மாடியில் மேலும் இரண்டு. தொண்ணூறாவது மாடியில் மூன்று. எஞ்சிய இரண்டு மட்டும் உச்சிவரை செல்லும். கோபுரம் படிப்படியாகக் குறுகுவது அழகுக்காக மட்டும் அன்று. மேலே பரப்புக் குறையும்போது காற்றுக்குப் பிடி குறைகிறது.

1970இல் தொடங்கிய கட்டுமானம் 1973இல் உச்சியை எட்டியது. 110 மாடிகள்; 442 மீட்டர். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களையும் அது தாண்டியது. அந்த இரட்டைக் கோபுரங்களும் குழல் முறையிலேயே கட்டப்பட்டவை.

அந்தக் கோபுரம் எழுந்துகொண்டிருந்த நாள்களில் கானின் மனம் சிகாகோவில் மட்டும் இருக்கவில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் விடுதலைப் போர் மூண்டது. அவர் பிறந்த மண்ணிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் உயிருக்கு அஞ்சி வெளியேறி இந்தியாவுக்குள் வந்தனர். கான் சிகாகோவில் வாழ்ந்த வங்காளியரைத் திரட்டினார். துயருற்ற மக்களுக்குப் பொருளுதவி திரட்ட ஓர் அமைப்பை நிறுவினார். அம்மக்களுக்கு நேரும் கொடுமையை அமெரிக்க அரசியலாளர்களிடம் எடுத்துரைக்க மற்றோர் அமைப்பையும் தோற்றுவித்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். உலகின் மிக உயர்ந்த கட்டடத்தின் பொறுப்பு தோள்மேல் இருந்தது. ஆயினும் பிறந்த மண்ணுக்கான பணியைப் பிறர் பார்த்துக்கொள்வர் என்று அவர் விட்டுவிடவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் வங்காளதேசம் தனி நாடாயிற்று.

வீட்டில் அவர் வேறொரு மனிதர். இரவீந்திரநாத் தாகூரின் பாடல்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அவற்றைத் தாமே பாடுவார். ஆஸ்திரிய நாட்டில் பிறந்த லீசலோட் அம்மையாரை அவர் மணந்திருந்தார். அவர்களுடைய மகள் யாஸ்மின் அமெரிக்காவில் வளர்ந்தார். வெவ்வேறு மொழிகள் பிறந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் வாழ்ந்த அந்த வீட்டில் வங்காளப் பாட்டும் ஒலித்தது. யாஸ்மின் பின்னாளில் தந்தையைப் போலவே கட்டமைப்புப் பொறியாளரானார். 2004இல் தந்தையின் பணிகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

கானின் கடைசிப் பெரும்பணிகளுள் ஒன்று உயரமே இல்லாதது. சவூதி அரேபியாவின் ஜித்தா விமான நிலையத்தில், ஹஜ் பயணிகள் இறங்கித் தங்கிச் செல்வதற்கு ஒரு முனையம் தேவைப்பட்டது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இலட்சக்கணக்கானோர் கூடும் இடம் அது. சுட்டெரிக்கும் பாலைவனம். அவ்வளவு பெரிய பரப்பைச் சுவர் எழுப்பிக் குளிரூட்டுவது வீண்செலவு. கானும் அவருடைய குழுவினரும் பாலைவன மக்களின் பழைய கூடாரத்தை நினைத்தனர். 45 மீட்டர் உயரமுள்ள எஃகுத் தூண்களிலிருந்து வடங்களால் தொங்கவிடப்பட்ட 210 வெண்ணிறக் கூடாரங்கள் அங்கே எழுந்தன. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 45 மீட்டர் பரப்பை மூடும். பக்கங்கள் திறந்தே இருக்கும். சூடான காற்று மேலே சென்று கூடாரத்தின் உச்சித் துளை வழியே வெளியேறும்; கீழே நிழலும் காற்றோட்டமும் இருக்கும். கண்ணாடி இழையால் நெய்து மேற்பூச்சு இட்ட துணியே கூரை. 442 மீட்டர் கோபுரத்தை எஃகால் கட்டியவர், நெடுந்தொலைவு பயணம் செய்து களைத்து வரும் ஏழை எளியோருக்குத் துணியால் நிழல் அமைத்தார். அவர் செய்தவற்றுள் எது பெரிது என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்லவும் கூடும்.

1982ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், அதே ஜித்தா நகருக்குச் சென்றிருந்தபோது, கான் மாரடைப்பால் காலமானார். ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. அவருடைய உடல் சிகாகோவுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்நகரை உருவாக்கிய கட்டடக் கலைஞர் பலர் துயிலும் கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு, ஹஜ் முனையத்துக்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. அவர் பிறந்த நாடு 1999இல் தன் உயரிய விருதான விடுதலை நாள் விருதை அவருடைய நினைவுக்கு வழங்கியது.

சியர்ஸ் கோபுரத்தின் முதலிடத்தை 1998இல் கோலாலம்பூரின் 452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் பெற்றன. 2004இல் தைப்பேயில் 508 மீட்டர் உயரக் கட்டடம் எழுந்தது. 2010இல் துபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதை வடிவமைத்தது கான் பணியாற்றிய அதே நிறுவனம். அதன் மூன்று கிளைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதையும், மேலே செல்லச் செல்லப் படிப்படியாகக் குறுகுவதையும் பார்ப்பவருக்குச் சிகாகோவின் ஒன்பது குழல்கள் நினைவுக்கு வரும்.

பெயர்களுக்கு நேர்ந்தது வேறு. கோபுரத்தைக் கட்டிய வணிக நிறுவனம் பின்னர் அதை விட்டு வெளியேறியது. 2009இல் சியர்ஸ் கோபுரம் வில்லிஸ் கோபுரமாகிவிட்டது. 2018இல் ஹான்காக் என்னும் பெயரும் மற்றக் கட்டடத்திலிருந்து நீக்கப்பட்டது. இப்போது அது தெருவின் பெயராலும் கதவு எண்ணாலும் மட்டுமே குறிக்கப்படுகிறது. அதன் பெருக்கல் குறிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒன்பது குழல் கோபுரத்தின் காலடியில், ஜாக்சன் தெருவும் பிராங்க்ளின் தெருவும் கூடும் முனையில், ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் எழுதப்பட்டிருப்பது ஃபஸ்லுர் கானின் பெயர்.